பஸ்ஸில் ஏறாதவர்கள்

கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலைய அவசரநிலை ஒத்திகைகளைத் திட்டமிடும் அலுவலர்கள் அனைவருக்கும்,



கிராம நிர்வாக அலுவலராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலத்தில் அணுமின் நிலையத்துக்கான வெளிவளாக ஒத்திகையில் எனக்கும் பங்கு இருந்தது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று எழுதவில்லை. அன்று நடந்த தவறு என் கையால் நடந்தது. அதை உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

காலை பத்து மணி. பள்ளிக்கூட மைதானத்தில் மூன்று பஸ்கள் நின்றன. என் கையில் பரீட்சை அட்டை, அதில் தெருவாரியாகக் குடும்பப் பட்டியல், சட்டைப் பையில் சிவப்பு மை பேனா. மைக் கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. ஜனங்கள் வந்தார்கள், ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் எதிரே டிக் போட்டுக்கொண்டே வந்தேன். கீழக்கோடியில் ஒரு வீடு மட்டும் பாக்கி. தலையாரியைக் கூட்டிக்கொண்டு நானே போனேன்.

திண்ணையில் கயிற்றுக் கட்டில். அதில் ஒரு பெரியவர், பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுதும் விழுந்துபோனவர். மருமகள் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். மகன்கள் இரண்டு பேரும் கடலுக்குப் போயிருந்தார்கள். "மாமாவத் தூக்க ரெண்டு ஆம்பளையாவது வேணும் சார். தூக்கிட்டாலும் பஸ்ல எங்க படுக்க வைப்பீங்க?" என்று கேட்டாள். நீயாவது குழந்தையோடு வாம்மா என்றேன். "இவர விட்டுட்டா?" என்றாள். அதற்குள் தலையாரியின் போன் அடித்தது. உங்கள் பாயின்ட் முடிந்ததா, பஸ் கிளம்பலாமா என்று மைதானத்திலிருந்து கேட்டார்கள். முடிந்தது என்றேன். அந்த வீட்டுக்கும் சிவப்பு மையில் டிக் போட்டேன்.

சாயங்காலக் கூட்டத்தில் ஊர் முழுவதும் குறித்த நேரத்தில் வெளியேற்றப்பட்டதாகப் பேசினார்கள். டீயும் வடையும் வந்தது. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பெரியவர் பிறகு சில ஆண்டுகள் உயிரோடு இருந்தார். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் திண்ணைப் பக்கம் பார்க்காமல் கடந்து போவேன்.

ஒத்திகை என்பது கூத்துக்காரர்களும் நாடகக்காரர்களும் கொடுத்த சொல். வசனம் யாருக்கு மறக்கிறது, எந்தக் கட்டத்தில் இருவர் மோதிக்கொள்கிறார்கள், திரை எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை பார்ப்பார்கள். வாத்தியார் நிறுத்துவார், திட்டுவார், மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். நாம் ஒத்திகையையே அரங்கேற்றமாக நடத்துகிறோம். விருந்தினர் வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், கைதட்டிக் கலைகிறோம். பஸ்ஸில் ஏறியவர்களை எண்ணுகிறோம். இனிமேல் ஏறாதவர்களை எண்ணுங்கள் என்று கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒத்திகையின் திட்டமே ஏறாதவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

விதிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். நிலையத்தின் வேலிக்குள் நடப்பதற்கு நிலைய இயக்குநர் பொறுப்பு. வேலியைத் தாண்டினால் கலெக்டர் பொறுப்பு. வளாக அளவிலான ஒத்திகை ஆண்டுக்கு ஒரு தடவை, ஊர்களையும் சேர்த்து நடத்தும் வெளிவளாக ஒத்திகை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை. உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டு, அதை 16 கூறுகளாகப் பிரித்து, காற்று எந்தக் கூறை நோக்கி அடிக்கிறதோ அங்குள்ள ஜனங்களை முதலில் காப்பாற்றுவது ஏற்பாடு. வீட்டுக்குள் அடைந்திருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை கொடுப்பது, ஊரைக் காலி செய்வது, பாலையும் கீரையையும் நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் முறை வகுத்திருக்கிறது. காகிதத்தில் குறை சொல்ல எனக்கு அதிகமில்லை.

ஆனால் அந்த வட்டத்தை வரைபடத்தில் ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். கல்பாக்கமானாலும் கூடங்குளமானாலும் வட்டத்தில் ஏறக்குறைய பாதி கடல். கடலை ஆளில்லாத இடமாக எண்ணித் திட்டம் போடுகிறோம். விடியற்காலை நான்கு மணிக்கு சதுரங்கப்பட்டினத்துக் கரையிலோ இடிந்தகரை, கூத்தன்குழிக் கரையிலோ நின்று பார்த்தால் அந்தப் பாதியில் எத்தனை விளக்குகள் மினுங்குகின்றன என்று தெரியும். சில கடல்மைல் தாண்டினால் செல்போன் எடுக்காது. வி.எச்.எஃப். கருவி எல்லாப் படகிலும் கிடையாது. அவர்களுக்குச் செய்தி எப்படிப் போகும், எவ்வளவு நேரத்தில் போகும் என்பது முதல் கேள்வி. போய்ச் சேர்ந்தால் எந்தக் கரைக்குத் திரும்பச் சொல்வீர்கள் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கடலுக்குப் போனவன் சொந்தக் கரைக்குத்தான் திரும்புவான். பெண்டாட்டி பிள்ளை அங்கேதான் இருக்கிறார்கள். நீங்களோ அவர்களை பஸ்ஸில் ஏற்றி வேறு ஊர் முகாமுக்கு அனுப்பியிருப்பீர்கள். வட்டத்துக்கு வெளியே எந்தத் துறையில் படகை ஏற்றுவது, அங்கிருந்து அவனை முகாமுக்குக் கொண்டுபோகும் வண்டி எது என்பதை ஒரு ஒத்திகையிலாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். உண்மையான பத்துப் படகு, உண்மையான பத்துக் குடும்பம் போதும்.

வயதானவர்களையும் நோயாளிகளையும் பற்றி நான் சொல்வதைவிட நன்றாக ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்து சொல்லிவிட்டது. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அன்றிரவு உலையிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மறுநாள் காலைக்குள் அது 10 கிலோமீட்டர், மாலைக்குள் 20 கிலோமீட்டர். உலைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் ஃபுதாபா என்ற மருத்துவமனை இருந்தது. நடக்க முடிந்தவர்களை முதலில் வந்த பஸ்கள் ஏற்றிச் சென்றன. படுக்கையில் இருந்தவர்கள் தங்கிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வந்த பஸ்கள், படுத்த நிலையிலேயே கொண்டுபோக வேண்டிய நோயாளிகளை உட்கார வைத்து, சுற்றுவழியில் சுமார் 230 கிலோமீட்டர் ஓட்டிப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் இறக்கின. அந்த மருத்துவமனையையும் அதை ஒட்டிய முதியோர் இல்லத்தையும் சேர்ந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டவர்கள் வழியிலும் போய்ச்சேர்ந்த இடங்களிலும் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. தூக்கிப் போன விதம் கொன்றது. இதைப் படித்த அன்று இரவு எனக்கு அந்தக் கயிற்றுக் கட்டில்தான் கண்முன் நின்றது.

ஜப்பானிலும் ஆண்டுதோறும் ஒத்திகை நடந்துகொண்டுதான் இருந்தது. விபத்து சீக்கிரம் கட்டுக்குள் வந்துவிடும், கதிர்வீச்சு வெகுதூரம் போகாது என்ற கணக்கில் நடந்த ஒத்திகைகள் அவை. நெருக்கடி நேரத்தில் எல்லோரும் கூடிப் பேசுவதற்கென்று ஓகுமா என்ற ஊரில், உலையிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில், ஒரு மையம் கட்டியிருந்தார்கள். நிலநடுக்கத்தில் அதற்கு மின்சாரம் போனது, தொலைபேசி போனது. கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் வடிகட்டியும் அங்கே இல்லை. நான்கு நாள் கழித்து அதைக் கைவிட்டுவிட்டு ஃபுகுஷிமா நகரத்துக்குப் போனார்கள். நமீயே என்ற ஊர்க்காரர்களுக்கு முறையான தகவலே வரவில்லை. தொலைக்காட்சியைப் பார்த்து, உலையைவிட்டு விலகிப் போவதாக எண்ணி வடமேற்கே சுஷிமா பகுதிக்குப் போனார்கள். காற்று திரும்பியபோது கதிரியக்கப் புகை போனதும் அதே வடமேற்குத் திசைதான். காற்று போகும் திசையைக் கணிக்கும் கணினி ஏற்பாடு அரசிடம் இருந்தது. கணிப்பு அந்த ஊரின் கைக்கு வரவில்லை.

நம் ஒத்திகை பெரும்பாலும் வெயில் அடிக்கிற, சாலை காய்ந்திருக்கிற, மின்சாரம் இருக்கிற ஒரு வேலைநாள் காலையில் நடக்கிறது. 2004 டிசம்பர் 26-ஐக் கல்பாக்கத்துக்காரர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியதில்லை. அன்று ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது அலகின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. அலகை நிறுத்திப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் செய்த ஊழியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அதே நேரத்தில் பக்கத்துக் குடியிருப்பில் அலை உயிர்களைக் கொண்டுபோனது. உலையில் இருந்தவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் குடும்பம் என்ன ஆயிற்று என்று தெரிந்திருக்கும்? அந்தக் கேள்வியும் ஒத்திகைக்குரியதுதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பாலங்களும் சாலைகளும் போனது நமக்கெல்லாம் தெரியும். உங்கள் வெளியேற்றப் பாதைகளில் எத்தனை அந்த இரண்டு நாளும் திறந்திருந்தன என்று வருவாய்த் துறையிடம் கேட்டால் சொல்வார்கள். அடுத்த ஒத்திகையின் கதையை அப்படிப்பட்ட ஒரு நாளிலிருந்து எழுதுங்கள். இன்ன பாலம் போய்விட்டது, மாற்று வழி எது என்று பஸ் பாதி வழியில் இருக்கும்போது ஓட்டுநரிடம் ஒரு சீட்டைக் கொடுங்கள். அவர் யாருக்குப் போன் செய்கிறார், எத்தனை நிமிடத்தில் பதில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி ஒத்திகைக்கு ஜனங்களை எழுப்ப வேண்டாம், பீதி கிளம்பும் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அலுவலர்களை எழுப்பலாமே. முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாலை இரண்டு மணிக்குத் திட்டப் புத்தகத்தில் உள்ள எண்களுக்கெல்லாம் கூப்பிட்டு, முதல் வார்த்தையாக "இது ஒத்திகை" என்று சொல்லி, எத்தனை பேர் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். மாறுதலாகிப் போனவர், ஓய்வு பெற்றவர், எண்ணை மாற்றியவர் எல்லாம் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

இன்னும் சிலர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கூடங்குளத்தில் மூன்று முதல் ஆறு வரையிலான அலகுகளின் கட்டுமானத்துக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து சுற்றுவட்டார ஊர்களில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர்களுக்கு இங்கே ரேஷன் கார்டு இல்லை. மைக் ஆட்டோவில் தமிழில் மட்டும் அறிவிப்பு போனால், ஊர் ஓடுவதைப் பார்த்துத்தான் அவர்களுக்கு விஷயம் தெரியும். கல்பாக்கத்துக்கு வடக்கே மாமல்லபுரத்துக்கு விடுமுறை நாளில் வரும் கூட்டத்தையும் எந்தக் குடும்பப் பட்டியலிலும் தேட முடியாது.

தாய்மார்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை ஆசிரியர்கள் நேராக முகாமுக்குக் கூட்டிப் போவார்கள், பெற்றோர் அங்கே வந்து சேரலாம் என்று திட்டத்தில் எழுதிவிடலாம். ஊரில் சங்கு ஊதினால் எந்தத் தாயும் பஸ்ஸுக்கு வரமாட்டாள். முதலில் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடுவாள். பிள்ளை அங்கே இல்லையென்றால் தெருத்தெருவாகத் தேடுவாள். இதைத் தவறு என்று சொல்லி மாற்ற முடியாது. இதை ஏற்றுக்கொண்டு திட்டம் போடத்தான் முடியும். பிள்ளைகளைப் பெற்றோரிடம் வாசலிலேயே கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதா, தாய்மார்களையும் பள்ளியிலிருந்தே ஏற்றுவதா என்பதை அந்தந்த ஊர்ப் பெண்களை உட்கார வைத்துக் கேட்டு முடிவு செய்யுங்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் போதும்.

கூப்பிட்டால் வராதவர்களைப் போலவே, கூப்பிடாமலே கிளம்புகிறவர்களும் உண்டு. 1979 மார்ச் 28-இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்டு உலையில் விபத்து நடந்தது. இரண்டு நாள் கழித்து, 8 கிலோமீட்டருக்குள் இருக்கும் கர்ப்பிணிகளும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் வெளியேறுவது நல்லது என்று அந்த மாநில ஆளுநர் அறிவித்தார். அது சில ஆயிரம் பேருக்கான அறிவுரை. கிளம்பியவர்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். அரைகுறைச் செய்தியும் ஒன்றுக்கொன்று முரணான பேச்சும் அவர்களைக் கிளப்பின. ஒரு கூறில் மட்டும் வெளியேற்றம் என்று அறிவித்தால் மற்ற கூறுகளில் என்ன நடக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கே அடைத்துக்கொள்ளும் என்பதை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசும் ஒத்திகையிலாவது கணக்கில் எடுங்கள். நேர்மாறான அனுபவம் செர்னோபிலில். 1986 ஏப்ரல் 26-இல் உலை வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்பியத்தின் 49,000 பேரை மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றத் தொடங்கினார்கள். மூன்று நாளைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னதால் அப்படியே கிளம்பினார்கள், குடியிருக்கத் திரும்பவில்லை. ஏறக்குறைய ஐம்பதாயிரம் பேரை ஒரு பிற்பகலில் பஸ் ஏற்ற முடிந்தது. உண்மையைச் சொல்ல முடியவில்லை.

செய்தியின் மொழி எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. "காற்று 270 பாகையிலிருந்து வீசுவதால் இன்ன எழுத்துக் கூறு பாதிக்கப்படும்" என்று கட்டுப்பாட்டு அறைக்குள் பேசிக்கொள்ளுங்கள். தென்கடற்கரையில் ஒரு பாட்டியிடம் "கச்சான் அடிக்குது, கெழக்குப் பக்கம் போகாதீங்க" என்றால் ஒரு நொடியில் புரியும். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் அந்த ஜனங்களிடம் பெயர் இருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் படகை இறக்குகிறார்கள். அதேபோல் மாதாகோயில் மணி. நேரங்கெட்ட நேரத்தில் அது தொடர்ந்து அடித்தால் ஊர் கூடிவிடும். எந்த சைரனுக்கும் அந்த மரியாதை இல்லை. பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும், கல்பாக்கம் பக்கத்துக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரையும் ஒத்திகை நாளன்று நாற்காலி போட்டு உட்கார வைப்பதை விட்டுவிட்டு, திட்டம் எழுதும் மேசைக்கே கூப்பிடுங்கள்.

அயோடின் மாத்திரை விஷயமும் இதைச் சேர்ந்ததுதான். கதிரியக்க அயோடின் தொண்டைச் சுரப்பியில் சேர்வதற்கு முன்பே நல்ல அயோடினால் அதை நிரப்பிவிடுவதுதான் மாத்திரையின் வேலை. அதனால் நேரம்தான் எல்லாம். புகை வருவதற்கு முன்போ, வந்த ஓரிரு மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட்டால் முழுப் பலன் உண்டு. தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம், மூன்று முதல் பன்னிரண்டு வயது வரை அதில் பாதி, கைக்குழந்தைக்கு இன்னும் குறைவு. மற்ற கதிர்வீச்சுக்கு அது மருந்தல்ல. ஒத்திகையில் மாத்திரைக்குப் பதிலாக மிட்டாய் கொடுத்தாலும் பரவாயில்லை. பண்டகத்தைத் திறந்ததிலிருந்து கடைசி வீட்டுக் குழந்தையின் வாயில் போய்ச் சேரும்வரை எத்தனை நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். பாதியாக உடைத்துக் கொடுப்பது யார், பச்சைக் குழந்தைக்குக் கரைத்துப் புகட்டுவது யார் என்று கிராம சுகாதாரச் செவிலியரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் கேட்டால் உங்களுக்குள் ஒரு தயக்கம் எழும் என்று எனக்குத் தெரியும். குறைகள் வெளியே தெரிந்தால் போராடுகிறவர்களுக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடுமே என்று நினைப்பீர்கள். என் மேலதிகாரிகளும் அப்படித்தான் நினைத்தார்கள். நானும் அந்தப் பயத்தில்தான் டிக் போட்டேன். உலை வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கில் இந்த மடலைச் சேர்க்க வேண்டாம். வேண்டும் என்பவர் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருக்கலாம். கூடங்குளத்துக்கான முதல் வெளிவளாக ஒத்திகை 2012 ஜூனில் கடலோரத்தைவிட்டு உள்ளே தள்ளியிருக்கும் நக்கனேரி என்ற கிராமத்தில் நடந்தது. கடலோரத்து ஊர்கள் அப்போது போராட்டத்தில் இருந்தன. அந்தச் சூழலில் கரைக்குப் போயிருக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. 2013 மே 6-இல் உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி கொடுத்தபோதே, 2009-ஆம் ஆண்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை வழிகாட்டுதல்களை நிறைவேற்ற வேண்டும், வளாகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் அவ்வப்போது ஒத்திகை நடத்த வேண்டும் என்றும் கட்டளையிட்டது. கோபமாக இருக்கும் ஊருக்குப் போய், "இதெல்லாம் எங்களுக்குச் சரியாக வரவில்லை, நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும்" என்று ஓர் அதிகாரி கேட்டால், அந்த ஊர் அவரை விரட்டாது. முப்பது வருடம் கிராமத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆகவே ஒத்திகை முடிந்த அன்றே, டீ ஆறுவதற்குள், பங்கெடுத்த கடைநிலை ஊழியர்வரை எல்லோரையும் உட்கார வையுங்கள். தலையாரி, அங்கன்வாடி ஊழியர், பஸ் ஓட்டுநர், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர் எல்லோரும் இருக்கட்டும். மேலதிகாரிகள் கடைசியில் பேசட்டும். எது நடக்கவில்லை என்று ஒவ்வொருவரும் ஒன்றாவது சொல்ல வேண்டும்; சொன்னதற்காக யாருக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் போகாது என்று கலெக்டர் வாயால் முதலிலேயே சொல்லிவிடட்டும். மதிப்பிட வருகிறவர் அந்த மாவட்டத்துக்காரராக இல்லாமல் இருக்கட்டும். கண்ட குறைகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, எதை எப்போதுக்குள் சரிசெய்வோம் என்று தேதி போட்டு, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள். அடுத்த ஒத்திகை அந்தத் தாளை வைத்துத் தொடங்கட்டும்.

அந்த வீட்டுக்கு ஒரு நீளமான பலகை, நான்கு கைப்பிடி, இருக்கை கழற்றிய ஒரு வேன், கூட இரண்டு பேர் போதுமானதாக இருந்திருக்கும். வேண்டியதையெல்லாம் அந்த மருமகள் வாசலில் நின்றே சொல்லிவிட்டாள். எழுதிக்கொள்ளப் பட்டியலில் இடம் இல்லை. உங்கள் படிவத்தில் வீட்டு எண்ணுக்கு எதிரே ஒரு கட்டம் கூடுதலாகச் சேருங்கள். வராதவர் யார், ஏன் வரவில்லை, வர என்ன வேண்டும் என்று எழுதுகிற அளவுக்கு அகலமாக இருக்கட்டும். அடுத்த ஒத்திகையில் கீழக்கோடி வீட்டிலிருந்து தொடங்குங்கள். ஆள் தேவையென்றால் கூப்பிடுங்கள், பட்டியல் பிடிக்க நான் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம நிர்வாக அலுவலர்